நேர்மை ஆபீஸ் பிடித்த முதல் பொய்

நேர்மை ஆபீஸுக்கு நான்கு பக்கமும் கண்ணாடிச் சுவர். உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டினார்கள். கட்டி முடித்த முதல் கோடையிலேயே உள்ளே உட்கார்ந்தவர்கள் வெந்து போனார்கள். திரைச்சீலை போட்டால் வெளிப்படைத்தன்மைக்குப் பங்கம் வந்துவிடும் என்று கூட்டம் மேல் கூட்டமாகப் போட்டுப் பேசி, கடைசியில் கண்ணாடி முழுக்கச் செய்தித்தாளை ஒட்டினார்கள். செய்தித்தாள் மக்களுக்கு விவரம் சொல்வதற்கென்றே இருப்பது, ஆகவே அதை ஒட்டுவதால் வெளிப்படைத்தன்மை கூடுமே தவிரக் குறையாது என்று ஒரு சுற்றறிக்கையும் விட்டார்கள். அதற்குப் பிறகு பட்டப்பகலிலும் குழல்விளக்கு எரிந்தால்தான் அங்கே யார் முகம் யாருக்கும் தெரியும்.

முழுப் பெயர் தேர்தல் பரப்புரை நேர்மை மற்றும் வெளிப்படைத்தன்மை ஆணையம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடும் என்பதால் கண்டக்டர்கள் நேர்மை ஆபீஸ் என்றே கூவினார்கள். ஜனங்களும் அப்படியே சொன்னார்கள். யாரும் கேலியாகச் சொல்லவில்லை. கேலி செய்வதற்கு அந்த ஆபீஸ் என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டுமே.

தேர்தல் அறிவித்ததும் ஆணையம் குலுக்கல் போட்டு, வேட்பாளர் ஒருவருக்கு ஒரு பொதுஜனம் என்று பொறுக்கி எடுக்கும். அந்தப் பொதுஜனம் பிரசார மேடையில் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். கையில் ஒரு மணி. வேட்பாளர் பொய் சொன்னால் அடிக்க வேண்டும். இதற்கு உண்மைச் சாட்சி என்று பெயர். ஊரில் மணிக்காரர் என்பார்கள்.

இந்தத் தடவை குலுக்கலில் விழுந்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர். கடைக்காரர் என்றால் முதலாளி இல்லை, கவுண்டரில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுப்பவர். ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். யாராவது கோபமாகப் பேசினால் தன்மேல்தான் ஏதோ தப்பு இருக்கிறது என்று நினைக்கிற ரகம். கடிதம் வந்த அன்றைக்கு அதைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, யாருக்கோ வந்தது தவறி வந்துவிட்டது என்று முதலாளியிடம் காட்டினார். முதலாளி, போய்ட்டு வாய்யா, நாற்காலியில உட்கார்ற வேலைதானே, இங்க நிக்கறதுக்கு அது பரவாயில்லை என்றார்.

அவருக்கு அப்போது எதிலும் மனம் ஓடவில்லை. காரணம் இருந்தது. சில வாரங்களுக்கு முன் மனைவியை வயிற்றுவலி என்று பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனார். ஒருவழியாக ஸ்கேன் எடுத்துக்கொண்டுபோய்க் காட்டியதும், டாக்டர் இவரை மட்டும் தாழ்வாரத்துக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னார். அறுத்து எடுக்கிற நிலையைத் தாண்டிவிட்டது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எவ்வளவு காலம் என்று இவர் கேட்கவில்லை. டாக்டர் கேட்காமலே சொன்னார். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் குடல் புண்ணாம், காரம் சேர்க்கக் கூடாதாம் என்றார். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. அன்றையிலிருந்து உடம்பு முழுக்க ஊசி போட்டு மரத்துப்போன மாதிரி ஒரு நிலையில் நடமாடிக்கொண்டிருந்தார். வலி மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவில் மாற்றிப் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மனைவி வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருந்தாள். பழைய துணிகளைப் பிரித்து அளவு மாற்றித் தருவது அவள் வேலை. இப்போதெல்லாம் தன் துணிகளையே பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. பத்தியம் இருந்தா இப்படித்தான் இடுப்பு வரும் போல, பக்கத்து வீட்டுக்காரி என்ன சாப்பிடறேன்னு கேக்கறா என்று சிரித்தாள். அவரும் கூடச் சிரித்தார்.

ஆணையத்தில் மணிக்காரர்களுக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். தலைவரே வந்து வகுப்பெடுத்தார். நல்ல உயரம், நல்ல குரல். எதைச் சொன்னாலும் கல்வெட்டில் பொறித்தது போலச் சொல்வார். ஆணையம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு பொய்கூடப் பிடிபட்டதில்லை என்றார். நாங்கள் எவ்வளவு கடுமையாகக் கண்காணிக்கிறோம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா என்று கேட்டு, வேண்டாம் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். பிறகு எது பொய் என்று விளக்கினார்.

“நேற்று நடந்ததைப் பற்றி வேட்பாளர் சொன்னால் அது அவருடைய பார்வை. நாளைக்கு நடக்கப்போவதைச் சொன்னால் அது வாக்குறுதி. இரண்டும் பொய்க் கணக்கில் சேராது. மணியைத் தொடவே கூடாது.”

மருந்துக்கடைக்காரர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். “இன்னைக்கு நடக்கறதைப் பத்திச் சொன்னா, சார்?”

“வேட்பாளர்கள் இன்றைக்கு நடப்பதைப் பற்றிப் பேசுவதில்லை” என்றார் தலைவர்.

இன்னொன்றும் சொன்னார். வேட்பாளர்கள் எல்லோரும் நேர்மை உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டவர்கள். கையெழுத்துப் போட்டவர் அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் அது சரிபார்க்கப்பட்ட கூற்று. சாதாரண ஆள் சொல்வதற்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அப்படியானால் மணி எதற்கு என்று மருந்துக்கடைக்காரருக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஏற்கெனவே ஒரு கேள்வி கேட்டாகிவிட்டதே என்று விட்டுவிட்டார். மதியம் ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலம் கொடுத்து அனுப்பினார்கள்.

முதல் சில கூட்டங்களில் ஒரு தொந்தரவும் இல்லை. வேட்பாளர் நேற்றைப் பற்றிப் பேசினார், நாளையைப் பற்றிப் பேசினார். மருந்துக்கடைக்காரர் மணியை மடியில் வைத்துக்கொண்டு, மனைவிக்கு மதிய மாத்திரை ஞாபகம் இருந்திருக்குமா என்று யோசித்துக்கொண்டு தேமே என்று உட்கார்ந்திருந்தார்.

அரசு ஆஸ்பத்திரிக்கு எதிரே போட்ட கூட்டத்தில்தான் வேட்பாளருக்கு நாக்கில் சனி. கூட்டம் கொஞ்சம் கைதட்டிவிட்டது, அந்த உற்சாகத்தில் அவர் தடம் மாறி இன்றைக்குள் வந்துவிட்டார். நான் வாங்கிக் கொடுத்த ஸ்கேன் மெஷின், இதோ, நான் பேசிக்கொண்டிருக்கும் இந்த நிமிடத்தில்கூட ஓடிக்கொண்டிருக்கிறது, ஏழைகள் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று ஆஸ்பத்திரியைப் பார்த்துக் கையை நீட்டினார்.

மணி அடித்தது. அடித்தது தான்தான் என்பது மருந்துக்கடைக்காரருக்குச் சற்றுத் தாமதமாகத்தான் தெரிந்தது. அந்த ஸ்கேன் அறை வாசலில் மனைவியோடு அவர் மூன்று வாரம் நடையாய் நடந்திருந்தார். ஒவ்வொரு தடவையும் பூட்டு. அறையின் முன்னாலிருந்த பெஞ்சில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு உட்கார்ந்திருந்தது கண்முன் வந்ததும் கை தானாகப் போய்விட்டது. கடைசியில் வெளியே எங்கோ கடன் வாங்கித்தான் எடுத்தார்கள். அந்த மூன்று வாரம் முன்னால் எடுத்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாமோ என்னவோ. அதை அவர் டாக்டரிடம் கேட்கவில்லை.

மேடையில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆணையத்தின் மணி அதுவரை எங்குமே அடித்ததில்லை. கூட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து ஜனங்கள் எழுந்து, உட்கார்ந்திருந்த காகிதத்தைத் தட்டி மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வேட்பாளருக்குப் பொய் என்று சொன்னதுகூடப் பெரிதாகப் படவில்லை. கூட்டத்தைக் கலைத்துவிட்டானே என்றுதான் ஆத்திரம். ஆனாலும் மைக்கைப் பிடித்து, ஜனநாயகத்தின் மணியோசைக்கு நான் தலைவணங்குகிறேன் என்று காலி மைதானத்துக்குச் சொல்லிவிட்டு இறங்கினார்.

விசாரணை வைத்தார்கள். முதலில் மெஷினைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார் சரிபார்ப்பு அதிகாரி. சாதுவான மனிதர். நிமிடத்துக்கொரு தடவை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மெஷினில் பச்சை விளக்கு எரிகிறது, ஆகவே ஓடுகிறது என்று அறிக்கை கொடுத்தார். பூட்டு தொங்குகிறதே என்று மருந்துக்கடைக்காரர் கேட்டதற்கு, பூட்டியிருப்பது அறைதான், மெஷின் பூட்டப்படவில்லை என்று அறிக்கையில் இரண்டாவது பத்தி இருந்தது. வேட்பாளர் விஷயம் அத்தோடு முடிந்தது.

இனி மணிக்காரர் விஷயம். உறுதிமொழி எடுத்த ஒருவர் மேல் மணியடித்தவர் தன்னை முழுவதும் வெளிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. குழல்விளக்கின் கீழ் அவரை உட்காரவைத்தார்கள். எதிரே தலைவர், பக்கத்தில் அதிகாரி, மூலையில் தட்டச்சு செய்கிற பெண்.

அறை பூட்டியிருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அதிகாரி கேட்டார். நான் போயிருந்தேன் சார் என்றார். எதற்கு என்றார். வீட்டில் அவளுக்கு உடம்பு சரியில்லை என்றார். என்ன உடம்பு என்றார். மருந்துக்கடைக்காரர் தட்டச்சுப் பெண்ணை ஒரு தடவை பார்த்தார். அதையும் சொல்லணுமா சார் என்று கேட்டுப் பார்த்தார். சொல்லத்தான் வேண்டும் என்றார்கள். மெதுவாகச் சொன்னார். வெளிப்படைத்தன்மை கருதி உரக்கச் சொல்லும்படி தட்டச்சுப் பெண் கேட்டுக்கொண்டாள். இரண்டாம் தடவை உரக்கச் சொன்னார்.

வருத்தமாயிருக்கிறது என்று அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, நீங்கள் சொல்வதை உறுதி செய்ய உங்கள் மனைவியையும் விசாரிக்க வேண்டும், எதற்காக ஸ்கேன் எடுக்கப் போனீர்கள் என்று கேட்டால் அவர் இதையேதான் சொல்வார் இல்லையா என்றார்.

“இல்லீங்க. குடல் புண்ணுன்னுதான் சொல்லுவா.”

“ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்?”

“நான் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்.”

தட்டச்சு நின்றது. தலைவர் மெல்ல நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஒரு பொய்யைக்கூடப் பிடிக்காத ஆபீஸுக்கு மாடி எதற்கு என்று சொல்லி, அவர் கேட்டிருந்த மாடிக் கட்டடத்தை மேலிடம் நிறுத்தி வைத்திருந்த நேரம் அது.

“அப்படியென்றால் அது பொய்” என்றார்.

அந்த அறையில் அந்த வார்த்தை அலுவல் முறையாக உச்சரிக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. அதிகாரி எழுந்து தலைவருக்குக் கைகொடுத்தார். தட்டச்சுப் பெண் தேதியைச் சரிபார்த்துப் போட்டாள்.

மருந்துக்கடைக்காரர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். கண்டுபிடித்த பொய்யை ஆணையம் என்ன செய்யும் என்று விசாரித்தார். இன்றைக்கே ஒலிபெருக்கி வேன் அனுப்பி ஊரறியப் படித்து, பொய் சொல்லப்பட்ட ஆளுக்கும் தெரிவித்து, நீக்குவோம் என்றார்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். மணியடிச்சதே தப்பு, மெஷின் நல்லா ஓடுது, எழுதிக் குடுத்துடறேன் என்றார். அப்படி எழுதிக் கொடுத்தால் அடித்த மணியும் பொய்யாகிவிடும், இரண்டு பொய்யாகப் படிக்க வேண்டிவரும் என்று அதிகாரி அனுதாபத்தோடு எடுத்துச் சொன்னார். இதை நமக்குள்ளேயே ரகசியமா வெச்சுக்கலாமே சார் என்றார். ரகசியம் என்ற சொல் பதிவாகியிருக்கிறதா என்று தலைவர் மூலையைப் பார்த்தார். பதிவாகியிருந்தது.

கடைசியாக, நானே வீட்டுக்குப் போய்ச் சொல்லிடறேன், ஒரு நாள் குடுங்க என்று கெஞ்சினார். கேட்டதிலேயே அவர் நிஜமாக வேண்டிக்கேட்டது அது ஒன்றுதான். பொய் சொன்னவர் வாயாலேயே உண்மையைச் சொல்லவிட்டால் அதை எப்படி நம்புவது என்று தலைவர் கேட்டார். பிறகு மேசையைச் சுற்றி வந்து அவர் தோளில் கைவைத்தார்.

“பாருங்கள். ஒரு வேட்பாளர் பொய் சொன்னால் லட்சம் பேரிடம் சொல்கிறார். லட்சம் வீட்டுக் கதவைத் தட்டிப் போய்த் திருத்த எங்களிடம் ஆள் இருக்கிறதா? இல்லை. நீங்கள் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறீர்கள். விலாசமும் இருக்கிறது. ஆணையத்தால் செய்ய முடிகிற காரியம் இது. ஒத்துழைப்புக் கொடுங்கள்.”

ஆபீஸைவிட்டு வெளியே வந்ததும் வேன் புறப்படுவதற்கு முன் வீடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று பஸ்ஸைப் பிடித்தார். கடைத்தெரு முனையில் பஸ் நின்றுவிட்டது. அவருடைய வேட்பாளரின் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. ஜீப்பில் நின்றிருந்தவர் இவரை அடையாளம் கண்டு, பெருந்தன்மையாகக் கையசைத்தார். இறங்கி நடந்தார். நடை ஓட்டமாயிற்று. என்ன சொல்வது, எங்கே தொடங்குவது என்று ஒரு வார்த்தையும் கூடிவரவில்லை. சாலை ஓரமெல்லாம் கொடி பிடித்த ஆட்கள். ஒவ்வொருவரையும் கொஞ்சம் வழிவிடுங்க, கொஞ்சம் வழிவிடுங்க என்று கேட்டுக்கொண்டே போனார்.

தெருவுக்குள் நுழைந்தபோது ஆணையத்தின் வேன் எதிரே வந்தது. வேலையை முடித்துவிட்டுத் திரும்புகிற வேன். ஒலிபெருக்கி அணைந்திருந்தது. டிரைவர் ஓரங்கட்டி இவருக்கு வழிவிட்டார். வாசல்களில் நின்றிருந்த அக்கம்பக்கத்தார் இவரைப் பார்த்ததும் அவசர வேலை வந்ததுபோல உள்ளே போனார்கள்.

முன்னறையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தலையைத் தூக்கவில்லை. போட்டுக்கொண்டிருந்த தையலைக் கடைசிவரை ஓட்டி, நூலைக் கத்தரித்து, துணியை உதறி மடித்து வைத்தாள்.

“வேன்ல ஏதோ படிச்சாங்க. நம்ம வீட்டைத்தான் சொன்னாங்க போல” என்றாள்.

அவர் வாசற்படியிலேயே நின்றார். ஆமாம் என்பதுபோலத் தலை அசைந்தது. அழுவாள் என்று நினைத்தார், அழவில்லை. ஏன் சொல்லலை என்று கேட்பாள் என்று நினைத்தார், அதையும் கேட்கவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஓடி வந்தீங்களா என்று மட்டும் கேட்டாள். அவருக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை. தண்ணீரைக் குடித்தார். குடித்துக்கொண்டிருக்கும்போது அந்த டப்பாவில இருக்கறது சத்து மாத்திரை இல்லையா என்றாள். இல்லை என்றார். சரி என்றாள்.

அடுத்த கூட்டத்தில் வேட்பாளர் தன் பேச்சில் பாதியை இதற்கே ஒதுக்கினார். என்மேல் மணியடித்தவர் வீட்டுத் துக்கம் என் வீட்டுத் துக்கம், என் சகோதரிக்கு வந்த நோய் எனக்கு வந்த நோய், நான் ஜெயித்து வந்ததும் இந்த நோய்க்கென்றே தனி ஆஸ்பத்திரி என்றார். அது நாளையைப் பற்றியது, மணியைத் தொடக் கூடாது. கூட்டத்தில் பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மருந்துக்கடைக்காரர் மேடையில் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். தேர்தல் முடியும்வரை விலகக் கூடாது என்று விதி.

ஆணையம் அறிக்கை வெளியிட்டது. இந்தத் தேர்தலில் வேட்பாளர்கள் சொன்ன பொய் ஒன்றுமில்லை, மற்றவர்கள் சொன்ன பொய் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டது என்று அதில் இருந்தது. மாடிக் கட்டடத்துக்கு அனுமதி வந்தது. மாடிக்கும் கண்ணாடிச் சுவர்தான் என்று தலைவர் பேட்டி கொடுத்தார்.

எல்லாம் ஓய்ந்து சில நாள் கழித்து, சரிபார்ப்பு அதிகாரி வீட்டுக்கு வந்தார். வேலையைப் பாதியில் விடக் கூடாது, பொய் நீங்கிய வீடு என்று சான்று கொடுத்தால்தான் கோப்பை மூட முடியும் என்றார். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்கம்மா என்று அவளிடம் சொல்லிவிட்டு, தையல் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்து தாளை எடுத்தார். வேட்பாளர்கள் போட்ட அதே உறுதிமொழிதான். மருந்துக்கடைக்காரர் கையெழுத்துப் போட்டார். அடுத்து மனைவி சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் பேனாவை வாங்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்தச் சில நாட்களிலேயே இன்னும் இளைத்துப்போயிருந்தாள். துணியைப் பிடித்துத் தைப்பதையும் விட்டுவிட்டிருந்தாள்.

“இனிமே இவர் என்ன சொன்னாலும் உண்மைதானா சார்?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா. உறுதிமொழி எடுத்தவர் சொன்னா அது சரிபார்க்கப்பட்ட கூற்று. ஆணையமே மறுத்துப் பேச முடியாது.”

அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

“அப்போ சொல்லுங்க. எனக்குச் சரியாயிடுமா?”

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் மறுபடி மாட்டிக்கொண்டார். மருந்துக்கடைக்காரருக்குத் தாழ்வாரத்தில் டாக்டர் கேட்காமலே சொன்ன கணக்கு ஞாபகம் வந்தது. அதில் போனது போக மீதி எவ்வளவு என்பதும் தெரிந்தது. இத்தனை நாள் மரத்துக் கிடந்த இடத்தில் முதல் தடவையாக வலித்தது.

“சரியாயிடும்” என்றார்.

அதிகாரி அதையும் தாளில் எழுதி, கீழே முத்திரையைக் குத்தி, அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி நிதானமாகப் படித்தாள். கணவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

“இதுல ஒரு நகல் எனக்கு வேணும் சார்” என்றாள்.